தோரணம் கட்டாத நன்றி

"ரொம்ப நன்றிங்க துரை."

நாகப்பன் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். செல்லம் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, மீதியும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"உசிரக் காப்பாத்துன மனுசனுக்கு மூணு வார்த்தையா? பாசார்ல கோழி வெட்டிக் குடுக்கிறவன்கிட்டகூட இதவிடக் கூடப் பேசுவீங்களே."

செல்லம் கேட்டதில் நியாயம் இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் தோட்டத்து மண்டபத்தில் மானேஜர் அகிலன் துரைக்குப் பிரியாவிடை விருந்து. துரை மாற்றலாகி ஜொகூர் பக்கம் போகிறார். கோயில் கமிட்டி கூடி வரவேற்புரை யாருக்கு, மாலை யாருக்கு, பொன்னாடை யாருக்கு என்று பங்கு பிரித்தது. நன்றியுரையை மட்டும் நாகப்பனைக் கேட்காமலே அவர் தலையில் கட்டிவிட்டது. அந்தத் தோட்டத்தில் துரைக்கு அதிகமாகக் கடமைப்பட்டவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது அது. நாகப்பன் தோட்டத்தில் கங்காணி. கொழுந்து வெட்டும் ஆட்களோடு மேல்மலையில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கத்து நிரைச் செடியே தெரியாத பனிமூட்டம். ஆபீஸ் வண்டியின் டிரைவர் அன்று விடுமுறை. செல்லமோ பிரிஞ்சாங் டவுனில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். நாகப்பனைக் கொழுந்து மூட்டை மாதிரி ரோட்டுக்குத் தூக்கி வந்த ஆட்கள், அந்தப் பனியில் தங்களுக்குத் தெரிந்தது என்று பிறகு சொன்னது இவ்வளவுதான்: ஆபீஸ் வண்டி வந்தது, துரை ஏறினார், வண்டி பறந்தது.

கண் விழித்தபோது தானா ராத்தா ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்தில் துரை நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

இத்தனைக்கும் அகிலன் துரை தன் சொந்தக் காரை ஓட்டும் அழகு ஊருக்கே தெரியும். வளைவுக்கு வளைவு நின்று, மூச்சு வாங்கி, யோசித்துத்தான் திருப்புவார். பின்னால் வரும் காய்கறி லோரிகள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் தனக்காக அந்தப் பனியில் அந்த ரோட்டில் அப்படி ஓட்டினார் என்றால் அது என்ன பாசம் என்று நாகப்பன் நினைக்காத நாளில்லை. 

துரையிடம் போய்ச் சொல்லாமலும் இல்லை. பலமுறை போனார். கையைப் பிடித்துக்கொள்வார், வார்த்தை வராது. துரை ஒவ்வொரு தடவையும் சங்கடமாக நெளிந்து, "நான் ஒண்ணும் பண்ணலண்ணே, சும்மா கூட வந்தேன்" என்பார். அதைக் கேட்டுத் தோட்டமே உருகிப்போகும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று லயத்துக்கு லயம் பேசிக்கொண்டார்கள்.

இப்போது துரை போகப்போகிறார். சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. தன் உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொல்லாமல் அனுப்பிவிட்டால், பிழைத்ததற்கே அர்த்தமில்லை என்று பட்டது நாகப்பனுக்கு.

"நான் கிராணிகிட்ட போறேன்" என்றார்.

செல்லத்தின் கையில் இருந்த கத்தி நின்றது. "எந்தக் கிராணி? தோரணமா?"

அந்தத் தோட்டத்தில் தோரணம் என்றால் மாவிலையும் தென்னங்குருத்தும் மட்டுமில்லை. தேவைக்கு மேல் சோடித்துப் பேசுகிற பேச்சுக்கும் அதுதான் பெயர். "தோரணம் கட்டாம விஷயத்துக்கு வா" என்பார்கள். பிள்ளைகள் ஹோம்வொர்க் செய்யாததற்கு நீளமாகக் காரணம் சொன்னால், "என்னடா, தோரணமா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். வேறு தோட்டத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது. ஏனென்றால் அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம் பிறக்கக் காரணமாக இருந்தவர் இந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குகனேஸ்வரன்.

கோயில் திருவிழாவா, சாவா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியா, மைக் அவர் கையில்தான் இருக்கும். மைக் இல்லாவிட்டாலும் அதே பேச்சுத்தான். மோட்டார் பஞ்சரானால், "என் இருசக்கரத் தோழன் இறுதி மூச்சை விட்டான்" என்பார். ருக்குமணி நடத்தும் கேண்டீனில் பரோட்டா தீர்ந்துபோனால், "அன்னலட்சுமி முகம் திருப்பிக்கொண்டாள்" என்பார். போன வருஷம் ஒரு மழை நாள் சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து கேண்டீன் நாற்காலியில் விழுந்து, "காலன் வீசிய கயிற்றைக் கையால் அறுத்துவிட்டு வருகிறேன்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மோட்டார் வழுக்கிக் கால்வாயில் விழுந்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். ருக்குமணி டீக் கோப்பையை எடுத்துக்கொண்டே, "தே ஓவா, தே தாரேக்கா கிராணி?" என்று கேட்டாள். அவர் பேச்சில் நிஜம் எவ்வளவு என்று தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

செல்லத்துக்கு அவர்மேல் தனியாக ஒரு கோபமும் இருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கேண்டீனில் குகனேஸ்வரன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். முன்னால் ஒரு கோப்பைத் தேநீர். கை நடுங்கிப் பாதித் தேநீர் தட்டில் கிடந்தது. வாயைத் திறந்து ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. இரங்கலுரைக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வந்துவிட்டான் என்று அன்று அவள் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை.

"ஆள் போறதுக்குள்ள வந்து உக்காந்தவருங்க அவரு" என்றாள்.

"வேற யாருக்குப் பேசத் தெரியும், சொல்லு."

செல்லம் மறுபடி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

குகனேஸ்வரன் வீட்டில் முறுக்கோடு வரவேற்பு நடந்தது. விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் வார்த்தைகள் புறப்பட்டுவிட்டன என்று அர்த்தம்.

நாகப்பன் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்த மழை நாளைப் பற்றி மட்டும் கட்டாயம் வர வேண்டும், துரை எப்படி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார் என்று வர வேண்டும் என்றார். அதுதானே நன்றி, மற்றதெல்லாம் அலங்காரம்.

குகனேஸ்வரன் கண்ணைத் திறந்தார். முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"துரையா ஓட்டுனாரு?"

"வேற யாரு? உங்களுக்குத் தெரியாதா?"

 கிராணி சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார். "வண்டி ரொம்பக் குலுங்குச்சா நாகப்பா?"

"எனக்கு எங்க தெரியும். நெனவே இல்லையே."

"நல்லது" என்றார் கிராணி. "அந்த நாளப் பத்தி என்கிட்ட வார்த்த இல்ல. மத்ததச் சொல்லித் தாரேன்."

குகனேஸ்வரனிடம் வார்த்தை இல்லையென்றால் அது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து இல்லை என்பது போல. பொறாமை என்று நாகப்பன் முடிவு கட்டினார். தன் வாயைவிட இன்னொருவர் கைக்குப் பெயர் வந்துவிட்டதே என்கிற பொறாமை. ஆனாலும் உதவி செய்கிறவரிடம் குறை சொல்லக் கூடாது என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

நாகப்பனுக்குப் படித்து மனப்பாடம் செய்ய வராது. அதனால் கிராணி பேச்சை வாய்ஸ் மெசேஜாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.  நாகப்பன் மலையில் நின்று காதில் வைத்துக் கேட்டார்.

"மலைமுகட்டின் மாமணியே! மேகம் வணங்கும் மேலாண்மையே! தேயிலைக் கடலின் கலங்கரை விளக்கே! நீர் இல்லாத இக்குன்றம் விம்மி அழுகிறதே! இனி உம்மை எங்கே காண்போம்? இது ஈடு செய்ய இயலாத இழப்பன்றோ!"

ஒரு வரிகூட நாக்கில் நிற்கவில்லை. சரி, செல்லம் கேட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும் என்று அதை அவளுக்கு அனுப்பினார். பனியில் நனைந்த கையுறை, தடித்த விரல். மெசேஜ் செல்லத்துக்குப் போகாமல், அவள் பெயருக்கு மேலே இருந்த 'தோட்டக் குடும்பம்' குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமில்லை, ரிங்லெட்டில் குடியேறியவர்கள், ஈப்போவில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் உண்டு.

அந்தக் குழுவில் குகனேஸ்வரன் குரலில் தோரணம் இரண்டே சமயத்தில்தான் வரும். ஒன்று திருவிழா, இன்னொன்று சாவு. திருவிழாவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. குரலோ 'இனி எங்கே காண்போம்' என்கிறது, 'இழப்பு' என்கிறது, 'மேலாண்மை' என்கிறது. கேட்டவர்கள் கணக்குப் போட்டார்கள். துரை போய்விட்டார்.

மலையிலிருந்து நாகப்பன் இறங்குவதற்குள் குழுவில் கூப்பிய கைகள் வரிசை கட்டி நின்றன. 'ஓம் சாந்தி' வந்தது. சின்ன வயசாயிற்றே என்று வந்தது. ரிங்லெட்டிலிருந்து ஒருவர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்திருந்தார். நாகப்பன் பதறிப்போய் மெசேஜை அழித்தார். அது அவருடைய போனிலிருந்து மட்டும் அழிந்தது.

துரை பங்களாவில் துரையின் மனைவி சுபத்ராவுக்கு ஈப்போவிலிருந்து போன். அழுகைக் குரலில் ஒரு அம்மாள், மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாள். சுபத்ராவுக்கு எதிரே துரை ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்ததும், "இருங்க, அவர்கிட்டயே பேசுங்க" என்று சுபத்ரா போனைக் கொடுத்துவிட்டாள். துரை ஹலோ என்றதும் மறுமுனையில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

நாகப்பன் ஆபீஸுக்கு ஓடினார். நடந்ததைச் சொல்லி, "தெரியாம அனுப்பிட்டேன், துரை நல்லா இருக்காருன்னு ஒரே ஒரு வரி போடுங்க கிராணி, தோரணம் வேணாம்லா" என்று கெஞ்சினார்.

குகனேஸ்வரனுக்கும் பதற்றம்தான். ஆனால் கை போனைத் தொட்டதும் வாய் தன் வழியில் போய்விட்டது.

"அன்பு நெஞ்சங்களே! வதந்திகளை நம்பாதீர். அன்னார் நம்மை விட்டுப் பிரிவது சனிக்கிழமைதான். உடலால் அவர் இம்மலையை நீங்கினாலும், உள்ளத்தால் என்றென்றும் நம்மோடு வாழ்வார்."

'அன்னார்' என்ற வார்த்தையை உயிரோடு இருக்கும் யாருக்கும் அந்தப் பக்கத்தில் பயன்படுத்தியது கிடையாது. பத்திரிகையில் கறுப்புக் கட்டத்துக்குள் மட்டும்தான் வரும்.  குழுவில் புது வதந்தி கிளம்பியது. துரை ஆஸ்பத்திரியில் மிஷின் போட்டுப் படுத்திருக்கிறார், சனிக்கிழமை மிஷினை எடுக்கப்போகிறார்கள். செல்லம் வீடு வீடாகப் போய், துரை பங்களாவில் ரொட்டி தின்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தாள். பார்க்க வேண்டும் என்று பாதிப் பேர் பங்களா வாசலுக்கே போய், துரை கையசைத்த பிறகுதான் திரும்பினார்கள்.

தோட்டம் அடங்கியது. ஆனால் கியா பார்மில் பூந்தோட்டம் வைத்திருக்கும் சீனத் தவுக்கேக்கும் சேதி எட்டியிருந்தது; அவருக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மண்டபத்துக்குப் பூ அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் அவருடைய லோரி வந்து நின்றது. கேட்ட பூக்களோடு, ஆள் உயரத்துக்கு வெள்ளைச் சாமந்தியில் ஒரு மலர் வளையம். பணம் வேண்டாம், நல்ல மனிதர் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நாகப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. செல்லம்தான் கறுப்பு ரிப்பனைப் பிய்த்துப் போட்டு, ரோஜாவை நடுவில் செருகி, வளையத்தை மண்டப வாசலுக்கு மேல் மாட்டினாள். துரை குடும்பத்தோடு வந்ததும் அண்ணாந்து பார்த்து, பூ நன்றாக இருக்கிறதே என்றார்.

"உங்களுக்காகவே செஞ்சதுங்க" என்றாள் செல்லம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நாகப்பனுக்கு அதுவரை பேச்சில் ஒரு வரிகூடப் பாடமாகியிருக்கவில்லை. அதற்கும் கிராணி வழி சொல்லி, எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கையைத் தூக்க வேண்டும் என்று நடுநடுவே சேர்த்துப் புது வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தார். போன் சட்டைப் பையில் இருக்கும். காதில் வயரில்லாத இயர்போன். வாய்ஸ் மெசேஜை ஓட விட்டு, காதில் விழுவதை வாயால் சொன்னால் போதும்.

நல்ல யோசனைதான். ஆனால் காலையில் மண்டபத்தை அலங்கரித்தபோது பக்திப் பாட்டுப் போட வேண்டும் என்று நாகப்பனின் போனைத்தான் மண்டபத்து ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்கள். பிரித்துவிட யாருக்கும் தோன்றவில்லை.

குகனேஸ்வரன் தன் வழக்கப்படி நாகப்பனை மேடைக்கு அழைத்தார். அழைத்து முடிப்பதற்குள் ஒரு குழந்தை தூங்கிவிட்டது. நாகப்பன் மைக் முன்னால் நின்று, துரையைப் பார்த்துக் கும்பிட்டு, சட்டைப் பையில் கைவிட்டு அமுக்கினார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது.

"மலைமுகட்டின் மாமணியே! நாகப்பா, இங்க மூச்சு விடு. மேகம் வணங்கும் மேலாண்மையே! கையத் தூக்கு. ரெண்டு கையையும் தூக்காத, ஒரு கை போதும். தேயிலைக் கடலின் கலங்கரை விளக்கே! இப்ப தண்ணி குடி. நீர் இல்லாத இக்குன்றம் விம்மி அழுகிறதே! இப்ப அழு."

முதல் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. துரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாகப்பன் பையைத் தட்டினார், போனைக் குலுக்கினார், கடைசியில் கீழே நின்ற செல்லத்திடம் அதைத் தூக்கிப் போட்டார். செல்லம் போனையே அணைத்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கியது. மைக்கும் நாகப்பனும் மட்டும் மிச்சம். இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரே துரை உட்கார்ந்திருந்தார். நாளைக்கு அவர் இங்கே இருக்கமாட்டார்.

"துரை" என்றார் நாகப்பன். "எனக்குப் பேச வராது. அன்னிக்கு மலையில விழுந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னுதான் நெனச்சேன். மறுபடி கண்ணு தொறந்தப்ப வெளிய மழ பேயிற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் செல்லம் வந்து என்னத் திட்டுனா. அவ்ளோ நல்லாருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"இந்த ஒரு வருசமா காலையில எந்திரிச்சுக் கோப்பி குடிக்கிறேன். மலைக்குப் போறேன். பனி வெலகுறதப் பாக்குறேன். மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சேன். இதெல்லாம் எனக்கு வரவேண்டிய நாளே இல்ல. ஒருத்தர் ஓட்டிக்கிட்டுப் போய்க் குடுத்த நாளு. அந்தப் பனியில, அந்த ரோட்டுல வண்டிய ஓட்டுன கைய நான் கும்பிடுறேன். சாகுற வரைக்கும் கும்பிடுவேன்." கொஞ்சம் நின்று, நினைவு வந்தவராகச் சேர்த்துக்கொண்டார். "பேச்சுக் கத்துக் குடுத்த கிராணிக்கும் நன்றி. என் மண்டையிலதான் நிக்கல."

கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். செல்லம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் மட்டுமில்லை, வரிசை வரிசையாக எல்லாரும் துடைத்தார்கள். நாகப்பனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியவர் காதில் விழும்படி சொல்லிவிட்டார்.

துரை எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, நெசமாவே நான் ஒண்ணும் பண்ணல. சும்மா கூடத்தான் வந்தேன்" என்றார், இந்த முறை மைக்கிலேயே. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி நாள்கூட அந்த அடக்கம் அவரை விட்டுப் போகவில்லையே என்று பின்வரிசையில் ஒருவர் தழுதழுத்தார். துரை மட்டும் எதையோ எதிர்பார்ப்பவர் போல மேடை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே குகனேஸ்வரன் ஸ்பீக்கர் வயர்களுக்கு நடுவே குனிந்து என்னவோ தேடிக்கொண்டிருந்தார். 'இப்ப அழு' என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டதே, பாவம், வெட்கமாக இருக்கும் என்று நாகப்பன் நினைத்துக்கொண்டார். அடுத்து முடிவுரை அவருடையது. மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடினார். எல்லாரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்கள், அன்னலட்சுமியிலிருந்து ஆரம்பித்து எங்கே போய் முடிப்பாரோ என்று.

"சாப்பாடு தயார்" என்றார் குகனேஸ்வரன்.  மைக்கை வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார்.

அவர் வாயிலிருந்து இரண்டே வார்த்தை வந்து அந்தத் தோட்டம் கேட்டதில்லை. ருக்குமணி, கிராணிக்குக் காய்ச்சலா என்று பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்தாள்.

பந்தியில் செல்லம் சுபத்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்வரிசையில் நாகப்பன். ரசம் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற வந்தவர் குகனேஸ்வரன். கண் சிவந்திருந்தது. நாகப்பனின் இலைக்கு வந்ததும் கரண்டி நடுங்கி, ரசம் சோற்றில் விழாமல் இலைக்கு வெளியே ஊற்றியது. அந்தக் கை நடுக்கத்தை முன்பு எங்கோ பார்த்திருக்கிறோமே என்று செல்லத்துக்குத் தோன்றியது. எங்கே என்று யோசிப்பதற்குள் சுபத்ரா அப்பளம் கேட்க, அது மறந்துபோனது.

நன்றி சொன்ன நிறைவில் செல்லத்துக்கும் பேச்சு வந்துவிட்டது. அப்பளத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"சொந்தக் கார எவ்ளோ நிதானமா ஓட்டுறவரு உங்க வீட்டுக்காரரு. அன்னிக்கு அந்த ஆபீஸ் வண்டிய எப்படித்தான் அந்தப் பனியில அப்படி வெரசா ஓட்டுனாரோ. சாமிதான் கூட வந்திருக்கணும்."

சுபத்ரா அப்பளத்தை உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"இவரா? இவருக்கு கியர் வண்டியே ஓட்டத் தெரியாதேக்கா. பின்னாடி உக்காந்து கண்ண மூடிக்கிட்டுல போனாரு. ஓட்டுனது இந்தா ரசம் ஊத்துறாரே, கிராணிதான்லா. அன்னிக்குச் சாயங்காலமே ருக்குமணி கேண்டீன்ல உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னாரே?"